மைக்கல்லும் சந்தனக்கல்லும்



கோவண்டியில் வாழும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். நெடுங்காலம் குடியிருந்த ஒற்றை அறையை விட்டு, புதிதாய் எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்திற்கு அவர்கள் குடிபெயரும் நாள் அது. பாத்திரங்கள் சாக்கில் கட்டப்பட்டிருந்தன. பாயும் தலையணையும் வாசலில் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் கட்டி முடிந்த பின்னும் ஒரு பொருள் மட்டும் தரையில் தனியே கிடந்தது. அது வட்டமான ஒரு கல். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். நடுவில் சற்றே குழிந்து, வழவழப்பேறியிருந்தது. சந்தனம் இழைக்கும் கல் என்பதைக் கண்டவுடன் அறிந்துகொண்டோம்.

"அத்தை, இதை ஏன் சுமக்க வேண்டும்? அங்கே இடமே இல்லை. சந்தனம் வேண்டுமானால் கடையில் வில்லையாகவே கிடைக்கிறதே" என்றார் மருமகள். அவர் சொன்னதில் தவறில்லை. ஏழாம் மாடியிலுள்ள சிறு வீட்டில் ஒவ்வொரு பொருளையும் எண்ணிப் பார்த்தே வைக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணப்பெண்ணாய் இந்நகருக்கு வந்த மாமியார் வாதாடவில்லை. கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தம் மக்கள் மூவரும் அக்கல்லில் உரைத்த மருந்தைக் குடித்தே வளர்ந்தனர் என்பதை மட்டும் மெல்லச் சொன்னார்.

சுமப்பதா, எறிவதா என்னும் அவ்வினா மிகச் சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகட்கு முன் நைல் ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் இதே வினாவிற்குத் தம் வழியில் விடை கூறிச் சென்றுள்ளனர். கல்லறைக்குள் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டிய சில பொருள்களுள் ஒன்றாக அவர்கள் தேர்ந்தது இத்தகைய ஒரு கல்லையே. அக்கல்லைப் பற்றி இன்று பேசப் புகுகின்றோம்.

எகிப்து என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை பிரமிடுகள். கீசாவில் உள்ள பெரிய பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நாம் கூறும் கல்லோ அதற்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு மேல் முற்பட்டது. மன்னர் தோன்றுமுன், எழுத்துத் தோன்றுமுன், எகிப்து ஒரு நாடாக ஒன்றுபடுமுன், உழவும் கால்நடையுமாய் வாழ்ந்த எளிய ஊர்மக்களின் வீட்டுப் பொருள் அது. கண்ணுக்கு மை அரைக்கும் பலகைக்கல் ஆதலின், அதனை மைக்கல் என்றே வழங்குவோம்.

மைக்கல்லின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. மலக்கைட் என்பது செம்பிலிருந்து விளையும் பச்சைக் கனிமம். கலேனா என்பது ஈயம் கலந்த கருங்கனிமம். நம் நாட்டில் சுர்மா செய்தற்கு அரைக்கப்படும் கல்லும் பெரும்பாலும் இதுவே. இவற்றின் சிறு துண்டை மைக்கல்லின் மேல் வைத்துக் கூழாங்கல்லால் தேய்ப்பர். பொடியான பின் நீரோ கொழுப்போ சேர்த்துக் குழைத்துக் கண்ணைச் சுற்றித் தீட்டிக்கொள்வர். அழகிற்காக மட்டுமே தீட்டினர் என்று கூற இயலாது. பாலைவனத்து வெயிலின் கூச்சம் தணியவும், ஈக்கள் மொய்க்காதிருக்கவும், தீங்கு அணுகாதிருக்கவும் தீட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர் கூறுவர். குழந்தையின் கண்ணுக்கு மையிட்டு, கன்னத்தில் கருப்புப் பொட்டும் வைக்கும் தாய்மார்க்கு இக்காரணங்களை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறந்தோரை அம்மக்கள் மணலில் குழி தோண்டி அடக்கம் செய்தனர். உறங்கும் குழந்தையைப்போல் உடலை ஒருபுறம் சாய்த்து, முழங்கால்களை மடக்கிக் கிடத்தினர். அருகே சில பானைகள், ஒரு சீப்பு, சில மணிகள் வைத்தனர். முகத்தின் பக்கத்திலோ கையின் பக்கத்திலோ மைக்கல்லை வைத்தனர். தேய்க்கும் கூழாங்கல்லும் சில குழிகளில் உடன் கிடைத்தது. பச்சை மையின் கறை சில கற்களில் இன்றும் படிந்துள்ளது. அரைத்தவர் எவர் என்பதைக் கூறும் எழுத்து ஒன்றேனும் இல்லை. அரைத்த தடம் மட்டும் அழியாமல் நிற்கின்றது.

இக்கல் எங்கிருந்து கிடைத்தது? நைல் ஆற்றிற்கும் செங்கடலுக்கும் இடையே கிடக்கும் கிழக்குப் பாலைநிலத்தில் வாதி ஹம்மாமத் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. நுண்ணிய வண்டலும் மணலும் இறுகி உருவான கரும்பச்சைக் கல் அங்கே கிடைக்கின்றது. மெல்லிய பலகையாய் உடையும், நன்கு மெருகேறும். ஆற்றங்கரை ஊர்களில் கிட்டாத அக்கல்லைத் தேடி, நீரற்ற வழியில் பல நாள் நடந்து சென்று, சுமந்து வந்தனர். கண்ணுக்கு மையிட அவ்வளவு பாடா என்று வியக்கலாம். ஆனால், வாழ்க்கைக்கு இன்றியமையாதது எது என்பதை அயலார் முடிவு செய்ய இயலாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

பதாரி என்னும் இடத்துப் பண்பாட்டுக் காலத்தில், அதாவது ஏறத்தாழ கி.மு. 4400 முதல் 4000 வரை, மைக்கற்கள் பெரும்பாலும் நீள்சதுரமாக இருந்தன. அதன்பின் நக்காதாப் பண்பாட்டின் தொடக்கத்தில் சாய்சதுர வடிவம் பெருகியது. பின்னர், மீன், ஆமை, பறவை, நீர்யானை எனத் தாம் நாள்தோறும் கண்ட உயிர்களின் வடிவில் கல்லைச் செதுக்கினர். காலம் செல்லச் செல்ல அவ்வுருவங்கள் தேய்ந்து, மீண்டும் எளிய பலகைகளாயின.

இவ்வடிவ மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கில அறிஞர் 1894-95ஆம் ஆண்டுகளில் நக்காதாப் பகுதியில் 2000-க்கு மேற்பட்ட கல்லறைகளை அகழ்ந்தார். அவற்றில் மன்னர் பெயர் இல்லை, எழுத்து இல்லை, நாணயம் இல்லை. எந்தக் கல்லறை முந்தியது, எது பிந்தியது என்று அறிவது எவ்வாறு? முதலில் பெட்ரியே தவறினார். பிற்காலத்தில் புறத்திலிருந்து வந்த வேற்றினத்தார் கல்லறைகள் இவை என எண்ணினார். பின்னர்த் தம் பிழையை உணர்ந்தார். ஏறத்தாழ 900 கல்லறைகளுக்குத் தனித்தனியே ஒரு சீட்டு எழுதி, ஒவ்வொன்றிலும் எவ்வகைப் பானைகளும் பொருள்களும் சேர்ந்து கிடைத்தன என்பதைக் குறித்தார். ஒத்தவை அருகருகே வருமாறு அச்சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார். முன்பின் வரிசை ஒன்று மெல்லத் தோன்றியது. 1899ஆம் ஆண்டு அம்முறையை உலகிற்கு அறிவித்தார். அவ்வரிசைக்கு முதன்மையான சான்றாய் நின்றது பானை. அதற்குத் துணையாய் நின்ற பொருள்களுள் மைக்கல்லும் ஒன்று. பொன்முடி கூறாத வரலாற்றை அடுக்களைப் பானையும் மையரைத்த கல்லும் கூறின.

இனி, இவ்வீட்டுக் கல் அரசவைக்கு ஏறிய கதையைக் காண்போம். கி.மு. 3100-ஐ ஒட்டி எகிப்தில் அரசு உருவான காலத்தில், சில மைக்கற்கள் மிகப் பெரியனவாய், இருபுறமும் சிற்பம் நிறைந்தனவாய்ச் செய்யப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது நார்மர் என்னும் மன்னன் பெயர் பொறித்த பலகை. குவிபெல், கிரீன் என்னும் இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹைரகான்போலிஸ் என்னும் பழநகரில் அதனை அகழ்ந்தெடுத்தனர். அதன் உயரம் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர். ஒருபுறம் மன்னன் வெண்முடி தரித்துப் பகைவனை அடிக்கக் கை ஓங்கி நிற்கின்றான். மறுபுறம் செம்முடி தரித்து நடக்கின்றான். அப்புறத்தின் நடுவே இரு விலங்குகள் தம் நீண்ட கழுத்துகளைப் பின்னிக்கொள்ள, அக்கழுத்துகளுக்கு இடையே வட்டமான ஒரு குழி அமைந்துள்ளது. அது மை அரைக்கும் குழி. அத்துணைப் பெரிய பலகையில் நாள்தோறும் அரைப்பதற்கில்லை. கோயிலுக்குக் காணிக்கையாய் அளிக்கப்பட்டது அது என்பர். ஆயினும் குழியைச் செதுக்க மறக்கவில்லை. பேரரசு தன் முதற் பெருமிதத்தைப் பொறிக்கப் புதுப்பொருள் ஒன்றைத் தேடாமல், குடியானவர் வீட்டு மைக்கல்லின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. நம் வீடுகளிலும் பாட்டியார் காலத்துச் சந்தனக்கல் நாளடைவில் பூசையறைக்கு ஏறிவிடுவதை ஒப்புநோக்குக.

மைக்கல் பிறந்த வாதி ஹம்மாமத் வழிக்குத் தமிழரோடும் ஒரு தொடர்பு உண்டு. நைல் கரையிலுள்ள கொப்டோஸ் நகரையும் செங்கடல் துறைமுகத்தையும் இணைக்கும் பாதை அப்பள்ளத்தாக்கின் வழியே செல்கின்றது. மைக்கற்காலத்திற்கு மூவாயிரம் ஆண்டுகட்குப் பின், உரோமானியர் ஆட்சியில், இந்தியாவிலிருந்து வந்த மிளகு முதலிய சரக்குகள் அவ்வழியே ஆற்றங்கரைக்குச் சென்றன. மயோஸ் ஹார்மோஸ் என்னும் அத்துறையிலிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் இந்தியாவிற்குச் சென்றதாக ஸ்திராபோ என்னும் ஆசிரியர் எழுதியுள்ளார். அத்துறை இன்று குசைர் அல்-கதீம் எனப்படுகின்றது. 1978 முதல் 1982 வரை அங்கு நடந்த அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்னும் பெயர்களை அவற்றில் படித்துள்ளனர். கடல் கடந்து பிழைக்கச் சென்ற நம் முன்னோர் இருவரின் பெயர்கள் உடைந்த ஓட்டுத்துண்டுகளில் தங்கி, இரண்டாயிரம் ஆண்டு கழித்து நம்மை வந்தடைந்துள்ளன. உடையாத கல்லை விட்டுச்சென்ற மக்களின் பெயரோ நமக்குக் கிட்டவில்லை. எழுதப்பட்ட பெயர் ஓட்டிலும் நிலைத்தது.

தமிழகத்திற்குத் திரும்புவோம். தமிழ்நாட்டு அகழாய்வுகளில் செம்பினாலான அஞ்சனக்கோல்கள் கிடைத்துள்ளன. கீழடியில் தந்தத்தாலான சீப்பு கிடைத்துள்ளது. அரைக்கும் கல்லைப் பற்றியோ, அகழாய்வினும் தெளிவாக நம் இலக்கியம் பேசுகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் மழையும் வாடையும் மிகுந்த கூதிர்க்காலத்தைப் பாடுகின்றார். அக்குளிரில் மாந்தர் வாழ்க்கை எவ்வாறு மாறியது என்பதை ஒவ்வொரு பொருளாகச் சொல்லிவருகையில், சாந்தரைக்கும் கல்லையும் விட்டுவைக்கவில்லை. கொள்ளின் நிறமுடைய ஒரு கல்லில் பணியாளர் மணப்பொருள் பலவற்றைக் கூட்டி அரைக்கின்றனர். உடலுக்குக் குளிர்ச்சி தரும் சந்தனத்தையோ அந்நாளில் பூசுவார் இல்லை. ஆகவே, வடநாட்டவர் கொண்டுவந்து தந்த வெண்ணிற வட்டக்கல், தென்னாட்டுச் சந்தனத்தோடு பயனற்றுக் கிடக்கின்றது. இதுவே புலவர் காட்டும் காட்சி.

இக்காட்சியில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்று உண்டு. பாண்டிய நாட்டு மாளிகையில் சந்தனம் தென்னாட்டது. அதனை இழைக்கும் கல்லோ வடநாட்டது. மரத்தைத் தந்த மலையும் கல்லைத் தந்த மலையும் ஒன்றையொன்று கண்டதில்லை. ஒரு வீட்டில் இரண்டும் சேர்ந்தபோதுதான் சாந்து பிறந்தது. அதனைத் தமிழர் அயற்பொருள் என்று ஒதுக்கவில்லை. கல் வந்த திசையைப் புலவர் மறைக்கவும் இல்லை.

மராட்டிய மண்ணிலும் இக்கல்லுக்குத் தனியிடம் உண்டு. சந்தனம் இழைக்கும் வட்டக்கல்லை இம்மக்கள் சஹாண் என்பர். பூசைக்குச் சந்தனம் இழைப்பது அதில்தான். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றை நம் தாய்மார் கல்லில் உரைத்துக் குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பதுபோல், மராட்டியத் தாய்மாரும் மருந்துச் சரக்குகளைச் சஹாணில் உரைத்துப் பாள்குட்டி என்னும் பெயரால் கொடுத்துவந்தனர். மொழி வேறு, கல் ஒன்று, கை அசையும் விதமும் ஒன்று. பக்கத்து வீட்டாரிடம் பேசச் சொல் தெரியாத புதுமணப்பெண், கல்லை மட்டும் கேட்டு வாங்கி உரைத்திருப்பாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சொல்லையும் கற்றிருப்பாள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறுதல் நம் கடமை. பழமையைப் போற்றுவது வேறு. பழமை அனைத்தையும் பின்பற்றுவது வேறு. எகிப்தியரின் கருமையில் ஈயம் இருந்தது. பிற்கால எகிப்திய மைச்சிமிழ்களில் எஞ்சிய மையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள், அவர்கள் ஈய உப்புகளைச் செயற்கையாகவே ஆக்கத் தெரிந்திருந்தனர் என்று 1999ஆம் ஆண்டு வெளியிட்டனர். அத்தகைய உப்பு மிகச் சிறிய அளவில் கண்நோயைத் தடுக்கத் துணைசெய்திருக்கலாம் என்று 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வு கூறியது. ஆனால், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட செய்தி. கடைகளில் விற்கும் சுர்மாவிலும் சில மைகளிலும் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் இடவேண்டா என்பதே மருத்துவர் அறிவுரை. பிறந்து ஆறு திங்கள் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடுக்க வேண்டுவதில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனமும் கூறுகின்றது. உரைமருந்துக்கும் இது பொருந்தும். கல்லைப் போற்றுவோம், நஞ்சைத் தவிர்ப்போம். பாட்டியார் கல்லில் உரைத்தது குழந்தை நலம்பெற வேண்டும் என்றே. அக்குறிக்கோளுக்கு இன்றைய மருத்துவர் சொல் பகையன்று.

மீண்டும் கோவண்டிக்கு வருவோம். இப்பகுதி மக்களுக்கு இடப்பெயர்ச்சி புதிதன்று. ஊரிலிருந்து தாராவிக்கும், அங்கிருந்து செம்பூருக்கும், அப்பால் கோவண்டிக்கும் எனப் படிப்படியாக வந்தோர் பலர். 1976ஆம் ஆண்டு ஜனதா காலனியில் வாழ்ந்த மக்கள், அவர்களுள் தமிழர் பலர், அங்கிருந்து அகற்றப்பட்டுச் சீத்தா கேம்பில் குடியேற்றப்பட்டனர். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் சில பொருள்கள் உடன் வரும், சில நின்றுவிடும். நின்றுவிட்டவை பெரும்பாலும் குப்பைக்கே போகும். கோவண்டிக்கு அருகே 1927ஆம் ஆண்டு தொடங்கிய தேவனார்க் குப்பைமேட்டில் இந்நகர் கழித்த பொருள்கள் எத்தனையோ புதைந்து கிடக்கின்றன. அவற்றுள் அம்மிகள் எத்தனை, சந்தனக்கற்கள் எத்தனை, யார் எண்ணினார்? கல் அழியாது, ஆனால் குப்பையில் சேர்ந்த கல்லுக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. நைல் கரை மைக்கல்லைப்போல் அதுவும் ஊமையாகிவிடும்.

அன்று அவ்வீட்டில், கல்லை மடியில் வைத்திருந்த அம்மூதாட்டியாரிடம் கல்லூரியில் பயிலும் பேத்தி வந்து அமர்ந்தாள். "ஆச்சி, இதை நம் ஊரிலிருந்தா கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டாள். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆச்சி சிரித்தார். "இல்லை அம்மா. உன் அப்பன் பிறந்தபோது பக்கத்து அறையில் இருந்த மராட்டிய அம்மாள் கொடுத்தது. சந்தனக்கட்டைதான் நம் ஊரிலிருந்து வந்தது" என்றார்.

மருமகள் அதனை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். இருபத்தைந்து ஆண்டாய் அதே வீட்டில் வாழ்ந்தும் கேட்க நேரவில்லை. ஒன்றும் பேசாமல் கல்லை வாங்கி, பழஞ்சேலையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்தார். வடவர் தந்த கல், தென்னாட்டுச் சந்தனம் என்று நக்கீரர் காட்டிய இணைப்பு, மும்பையில் ஓர் ஒற்றை அறைக்குள் இத்தனை ஆண்டு இருந்திருக்கின்றது. பேத்தி கேட்டிராவிடில், ஆச்சியோடு அச்செய்தியும் மறைந்திருக்கும்.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் தமிழர் வீடுகள் ஒவ்வொன்றிலும் இத்தகைய பொருள் ஒன்றேனும் இருக்கும். சந்தனக்கல்லாக இருக்கலாம், அம்மியாக இருக்கலாம், அரிசி அளக்கும் படியாக இருக்கலாம். அனைத்தையும் சுமந்து செல்லுங்கள் என்று நாம் கூறவில்லை. இடத்தின் நெருக்கடியை நாம் அறிவோம். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யுமுன், அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, யார் கை பட்டுக் குழிந்தது என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் நான்கு வரியாக எழுதி, ஆண்டையும் ஊரையும் குறித்து வையுங்கள். நக்காதாக் கல்லறையில் உறங்கியவர்க்கு எழுத்து இல்லை. ஆதலின் பெயரும் இல்லை. நமக்கோ எழுத்து உண்டு. கேட்டால் சொல்லும் ஆச்சிமாரும் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். இன்றிரவு உணவுக்குப் பின் அவர்கள் அருகே சற்று அமர்ந்து கேளுங்கள்.